சுற்றின் திசையை இறக்கமே முடிவு செய்யட்டும்

கேள்வி: நான் கடலோர நகரம் ஒன்றில் வசிக்கிறேன். நகருக்குப் பின்னாலுள்ள மலைச்சாலைகளையும் கரையோரச் சாலையையும் இணைத்து, மொத்தம் 1,200 மீட்டர் ஏற்றம் கொண்ட 80 கிலோமீட்டர் சைக்கிள் சுற்று ஒன்றை வகுத்திருக்கிறேன். எந்தத் திசையில் போவது நல்லது? வேறு எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்: திசையைப் பற்றி முதலில் கேட்டது சரியான தொடக்கம். பலரும் ஏற்றத்தை நினைத்தே திசையைத் தேர்ந்தெடுக்கிறார்கள்; ஆனால் ஏற்றத்தில் முடியாவிட்டால் இறங்கி நின்றுகொள்ளலாம், இறக்கத்தில் அப்படி நினைத்த இடத்தில் நின்றுவிட முடியாது. ஆகவே மலையின் செங்குத்தான பக்கத்தில் ஏறி, சரிவு குறைந்ததும் வளைவுகளுக்கு அப்பால் பார்வை நன்றாக எட்டுவதுமான பக்கத்தில் இறங்குமாறு சுற்றை அமையுங்கள். நெடிய இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால், ரிம் பிரேக் (சக்கரத்தின் ரிம்மை, அதாவது உலோக விளிம்பை, அழுத்திப் பிடிக்கும் பிரேக்) உள்ள சைக்கிளில் ரிம் சூடேறி டியூப் வெடிக்கவும் கூடும். வளைவுக்கு முன்பே வேகத்தை நன்றாகக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தளர்த்துவதே பாதுகாப்பானது.

இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தால், இடப்பக்கம் வாகனம் ஓட்டும் நாடுகளில் இடஞ்சுழியாகவும், வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் வலஞ்சுழியாகவும் செல்லலாம். திருப்பங்களில் பெரும்பாலானவற்றில் எதிர்வரும் போக்குவரத்தைக் குறுக்கே கடக்க வேண்டியிராது.

அடுத்தது காற்று. இரவில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று சூரியன் ஏறியதும் அடங்கிவிட, முற்பகலுக்குப் பின் கடற்காற்று எழுந்து பிற்பகலில் வலுக்கிறது. விடியற்காலையில் புறப்பட்டு, குளிர்ச்சி இருக்கும்போதே மலையேறி முடித்துவிட்டால், கடற்காற்றை எதிர்கொள்ளும் நேரத்தில் உங்களுக்கு இறக்கம் துணையாக இருக்கும். கரையோரச் சாலையில் அது பக்கவாட்டில் அடிக்கும். பாறை மறைப்பு முடியும் இடங்களில் திடீரெனத் தள்ளுவதால், அங்கே ஹேண்டில்பாரை இரு கைகளாலும் பிடித்துக்கொள்ளுங்கள். மணல் படிந்த வளைவுகளும் அந்தச் சாலையில்தான் மிகுதி.

1,200 மீட்டர் என்ற மொத்தக் கணக்கை மட்டும் நம்பிவிடாதீர்கள். 5 கிலோமீட்டரில் 300 மீட்டர் ஏறும் சாலையின் சராசரிச் சரிவு 6 சதவீதம். ஆனால் முதல் 3 கிலோமீட்டரில் 100 மீட்டர் மட்டுமே ஏறினால், எஞ்சிய 2 கிலோமீட்டர் 10 சதவீதமாகிவிடும். உங்கள் கியரைத் தீர்மானிப்பது அந்த 2 கிலோமீட்டர்தான். முன்னால் பெடலோடு சுழலும் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் உள்ள மிகப் பெரிய பல்சக்கரத்தில் 34 பல் இருந்தால், நிமிடத்துக்கு 60 முறை பெடலைச் சுற்றினாலே மணிக்கு ஏறக்குறைய 7.5 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாக ஏறலாம். பின்னால் 28 பல்தான் என்றால், அதே சுற்றுக்கு 9 கிலோமீட்டர் வேகத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். 10 சதவீதச் சரிவில் முழங்கால்களுக்கு இது பெரிய வேறுபாடு. சுரங்கப்பாதைகளும் உயர்ந்த பாலங்களும் உள்ள இடங்களில், வரைபடச் செயலிகள் சாலையின் உயரத்துக்குப் பதிலாக நிலத்தின் உயரத்தைக் கொண்டு இல்லாத ஏற்றத்தைக் காட்டுவதுண்டு. சில சுரங்கங்களில் சைக்கிளுக்கு அனுமதியே இராது என்பதால், அவற்றை முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

கடைசியாக, மலையிலிருந்து நகருக்கு நேரே இறங்கும் கிளைச்சாலைகள் இரண்டையேனும் வரைபடத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மழையோ உடல் சோர்வோ குறுக்கிட்டால், அவற்றில் ஒன்றின் வழியே சுற்றைப் பாதியில் முடித்துக்கொள்ளலாம்.