வாசலில் பெயர் கேட்டால் அவமானமா?

கேள்வி: டல்லாஸில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறோம். அவனுடைய யூத நண்பர் வெள்ளிக்கிழமை மாலை வழிபாட்டுக்கு எங்களைக் கூப்பிட்டார். ஆனால் பெயரை முன்பே கொடுக்க வேண்டுமாம், வாசலில் பையைச் சோதிப்பார்களாம். நம் கோயிலில் யாரையாவது இப்படிக் கேட்கிறோமா? அவமானமாக இருக்கிறது. போகாமல் இருந்துவிடலாமா?
- ஒரு வாசகர்

பதில்: போங்கள். கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நம் கோயிலில் கேட்பதில்லை என்று எப்படி எழுதினீர்கள்? மதுரை மீனாட்சியம்மன் கோயில் வாசலில் பையைச் சோதிக்கிறார்கள், செல்போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். கொடிமரத்தைத் தாண்டி இந்து அல்லாதோர் வரக்கூடாது என்ற பலகையை எத்தனை கோயில்களில் பார்த்திருப்பீர்கள்! உங்களைக் கூப்பிட்டவரோ தங்கள் வழிபாட்டின் நடுவிலேயே உட்கார இடம் தருகிறார்.

காரணமும் தூரத்தில் இல்லை. டல்லாஸுக்குப் பக்கத்தில் காலிவில் என்றொரு ஊர். 2022 ஜனவரி 15, சனிக்கிழமை காலை, முன்பின் தெரியாத ஓர் ஆள் அங்குள்ள யூத ஜெப ஆலயத்தின் கதவைத் தட்டினான். குளிருக்கு ஒதுங்க வந்தவன் என்று நினைத்து ரபி, அதாவது யூத மதகுரு, உள்ளே அழைத்து டீ போட்டுக் கொடுத்தார். வழிபாட்டின்போது அவன் துப்பாக்கியை எடுத்தான். ரபியையும் சேர்த்து நான்கு பேர் சிக்கினார்கள். ஒருவரை இடையில் விட்டான். ரபி ஒரு நாற்காலியைத் தூக்கி அவன்மேல் எறிந்த பிறகுதான் மற்ற மூவரும் ஓடித் தப்பினார்கள். அதற்குள் ஏறக்குறைய 11 மணி நேரம் ஆகிவிட்டது. 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் நகர ஜெப ஆலயத்தில் சபாத் (வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவு முடியும் ஓய்வுநாள்) காலை வழிபாட்டுக்கு வந்த 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இவ்வளவுக்குப் பிறகும் வேற்று மதத்தவரான உங்களைக் கூப்பிடுகிறார்கள். பெயர் கேட்டதற்கா கோபம்?

சரி, போகும்போது ஆண்கள் தலையை மூட வேண்டும். கிப்பா என்னும் சிறு குல்லா பெரும்பாலும் வாசலிலேயே இருக்கும், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது விருந்தாளிக்கும் உண்டு. குஞ்சம் வைத்த தாலித் சால்வை அப்படியல்ல, அது அவர்களுக்கு மட்டும். செல்போன் அணைந்தே இருக்கட்டும். எதைச் சாப்பிடலாம், எதைக் கூடாது என்ற கோஷர் உணவு விதி இருப்பதால் ஸ்வீட் பாக்கெட் வேண்டாம். காணிக்கை போடத் தட்டையும் தேடாதீர்கள், சபாத் தொடங்கிவிட்டால் காசைத் தொடக்கூடாது என்பது அவர்கள் மரபு. பழைய மரபை விடாத ஆர்த்தடாக்ஸ் ஆலயமென்றால் உங்கள் வீட்டம்மா தனிப் பகுதியில் உட்கார வேண்டியிருக்கும். அதை மட்டும் நண்பரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹீப்ரு தெரியாவிட்டால் பரவாயில்லை, எல்லாரும் எழும்போது எழுந்தால் போதும். இறந்தவர்களை நினைத்துச் சொல்லும் கத்தீஷ் என்ற ஜெபம் வரும்போது மட்டும் கவனியுங்கள். சில ஆலயங்களில் அதற்குத் துக்கத்தில் இருப்பவர்கள்தான் எழுந்து நிற்பார்கள். ஆனாலும் இறந்தவரைப் பற்றி அதில் ஒரு சொல்கூடக் கிடையாது, முழுக்க இறைவன் புகழ். மற்றவர்கள் ஆமென் சொல்லும்போது நீங்களும் சொல்லலாம்.

அப்புறம், லெகா தோதி என்றொரு பாட்டு வரும். 16ஆம் நூற்றாண்டில் எழுதியது, சபாத்தை மணப்பெண்ணாக வரவேற்பது. கடைசிச் சரணத்தில் சபையே எழுந்து, வாசல் பக்கம் திரும்பித் தலைகுனியும். உங்கள் பையைச் சோதித்த அதே வாசல்தான். நீங்களும் திரும்பி நில்லுங்கள்.