மார்கழிக் குளிருக்கு முன் வீட்டின் உட்புறம்: கேள்வி பதில்

இலங்கை மலையகத்தில் கட்டிட வேலைகளை மேற்பார்வை செய்து ஓய்வு பெற்றவன் நான். லயக் காம்பிரா (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறை), தனி வீடு, பழைய பங்களா மூன்றிலும் வேலை பார்த்திருக்கிறேன். சுவர், கூரை, தரை, அடுப்பு, ஈரம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டு உள்ளே தணல் வைக்காதீர்கள்.

தலவாக்கலை: ஐயா, டிசம்பர் பிறந்தால் விடியற்காலையில் தகரத்திலிருந்து படுக்கையில் தண்ணீர் சொட்டுகிறது. மழை இல்லாத இரவிலும் சொட்டுகிறது. ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஓட்டை இல்லை, தங்கச்சி. அந்தத் தண்ணீர் உங்கள் வீட்டுக்குள்ளேயே உண்டானது. சோறு வேகும் ஆவி, கேத்தல் ஆவி, உள்ளே கொடியில் காயும் துணி, இரவு முழுவதும் ஐந்தாறு பேர் விடும் மூச்சு எல்லாம் மேலே போகின்றன. மேகமில்லாத இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். வெளிக்காற்றை விடவும் குளிர்ந்துபோகும். ஆவி அதில் பட்டதும் தண்ணீராகிறது.

பழைய லயங்களில் இது மோசமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய இரட்டை லயம் என்றால் பின்பக்கத்தில் ஜன்னலே கிடையாது. வந்த ஆவி போக வழியில்லை. அதோடு, குளிர் வருகிறது என்று சுவருக்கும் தகரத்துக்கும் இடையிலுள்ள சந்தில் சாக்கைத் திணித்துவிடுகிறோம். அந்தச் சாக்கை எடுத்துவிடுங்கள். உடம்பில் அடிக்கும் காற்று கதவின் அடியிலிருந்து வருகிறது, அதை அடையுங்கள். மேல் சந்து திறந்தே இருக்கட்டும். சமைக்கும்போதும், சமைத்து அரை மணி நேரம் வரையும் கதவைத் திறந்து வையுங்கள். ஈரத் துணியை இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், போடுங்கள்.

செலவு செய்ய முடிந்தால் தகரத்துக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டுப் பலகையில் சீலிங் அடியுங்கள். அந்த இடைவெளிக்குள் காற்று போய்வர இரு பக்கமும் வழி விடுங்கள். பொலித்தீனைத் தகரத்தோடு ஒட்டிக் கட்ட வேண்டாம். தண்ணீர் தேங்கித் தொய்யும், மேலே கூரை மரம் இற்றுப்போகும். ஒக்டோபர், நவம்பர் மழைக்கு முன்பே இதை முடித்தால் நல்லது. நனைந்த மரத்தின் மேல் சீலிங் அடிக்கக் கூடாது.

நுவரெலியா: வெளிநாட்டிலுள்ள தம்பி, தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும், துணி சுற்று என்கிறான். செய்ய வேண்டுமா?

வேண்டாம். நம் ஊர்த் துகள் உறைபனி புல்லிலும் கொழுந்திலும் சில மணி நேரம் படிந்து, வெயில் வந்ததும் போய்விடும். அந்தக் காசைக் கூரைக்குச் செலவிடுங்கள்.

ஹட்டன்: போன வருடம் எனாமல் பூசினோம். இப்போது அலுமாரிக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். பிள்ளைக்கு இருமல் விடவில்லை.

எனாமல் சுவரின் ஈரத்தை வெளியே விடாது. முதலில் வீட்டின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் மேலிருந்து சரியும் மண் பின்சுவரில் ஏறிக்கிடக்கும், தண்ணீர் ஓடும் கான் அடைபட்டிருக்கும். மண்ணை வெட்டி எடுத்து, கானைத் தரை மட்டத்துக்குக் கீழே ஆழமாக்குங்கள். அதைச் செய்யாமல் உள்ளே எதைப் பூசினாலும் வீண்.

பூஞ்சணத்தைக் காய்ந்த தும்புத்தடியால் தட்டாதீர்கள். வீடு முழுவதும் பரவும். மூக்கை மூடிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, சுவரை நன்றாகக் காயவிடுங்கள். பிறகு எனாமலைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும், அதன் காரத்தில் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது. அலுமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். பிள்ளையின் இருமலை வைத்தியரிடம் காட்டுங்கள்.

மஸ்கெலியா: கைக்குழந்தை இருக்கிறது. இரவில் தணல் சட்டியை அறையில் வைத்து ஜன்னலை அடைத்துவிட்டால் நன்றாகச் சூடு நிற்கிறது. புகையும் இல்லை. சரிதானே?

இன்று இரவே நிறுத்துங்கள். புகை இல்லை என்பதுதான் இதன் ஆபத்து. தணலாகக் கனலும் கரியிலிருந்து காபன் மொனொக்சைட் வாயு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், அசதி. தூங்கிக்கொண்டிருப்பவர் அதைக்கூட உணராமலே இறந்துபோவார். குழந்தைக்கு இன்னும் சீக்கிரம் ஆபத்து. யாருக்காவது அப்படி இருந்தால் உடனே வெளிக்காற்றுக்குத் தூக்கிச் சென்று, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கந்தப்பளை: மின்சார ஹீட்டர் வாங்கலாமா?

2000 வோட் ஹீட்டர் நமது 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும். லயத்துப் பழைய 5 அம்பியர் பிளக்கில் அதைச் செருகினால் வயர் உருகும். தீ ஒரு காம்பிராவோடு நிற்காது, முழு லயத்துக்கும் பரவும். இரவுக்கு மூன்று மணி நேரம் போட்டால் மாதம் 180 யூனிட். வயரிங்கையும் டிரிப் சுவிட்சையும் மின்சார வேலை தெரிந்தவரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

பொகவந்தலாவை: அடுப்புப் புகை கெடுதி, புகைபோக்கி வையுங்கள் என்று எல்லோரும் புகையைத் திட்டுகிறீர்கள். அடுப்புப் புகை இருந்ததால்தான் எங்கள் பாட்டி காலத்து வீடு சூடாக இருந்தது, கூரை மரத்தைப் பூச்சி அரிக்கவில்லை. புகைபோக்கி வைத்தால் சூடும் அதன் வழியே போய்விடாதா?

பூச்சி விஷயம் உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீட்டைச் சூடாக்கியது புகை இல்லை, நெருப்பு. அந்தச் சூட்டைப் பிடித்து வைக்கக் கல்லும் மண்ணும் வேண்டும். அடுப்பைச் சுற்றி இரண்டு பக்கமும் கனமான களிமண் சுவர் எழுப்புங்கள். நெருப்பு அணைந்த பிறகும் அந்தச் சுவர் வெகுநேரம் சூட்டைக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

லிந்துலை: அண்ணன் சொல்வது சரி. எங்கள் அம்மா அடுப்படியிலேயே இருந்து நெஞ்சு நோய் வந்தவர். பாட்டி கதை சொல்பவர்கள் சமைத்துப் பார்க்கட்டும்.

பொகவந்தலாவை: நானும் சமைக்கிறவள்தான். புகைபோக்கி வைக்கப் பணம் யார் தருவது? காம்பிரா எங்கள் பெயரிலும் இல்லை.

இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தனக்கு உரித்தில்லாத கூரையில் துளை போடத் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்க வேண்டிய நிலைமை நம்முடையது. அதற்காகக் காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஈர விறகை நிறுத்துவது. புகையில் பெரும்பங்கு அதிலிருந்துதான். கவ்வாத்து மிலாறை, அதாவது தேயிலைச் செடியில் வெட்டிய குச்சிகளை, கிடைத்த அன்றே எரிக்காமல், இஸ்தோப்பில் காற்றுப் படும்படி அடுக்கி, முதலில் வந்ததை முதலில் எரியுங்கள். அனகி என்ற இரட்டை வாய் மண் அடுப்பு விறகை நன்றாகக் குறைக்கும். ஆனால் அதில் புகைபோக்கி கிடையாது, சந்து திறந்திருக்க வேண்டும்.

அனுமதி கிடைத்தால், புகைபோக்கியின் தலை கூரைக்கு மேல் குறைந்தது மூன்றடி நிற்க வேண்டும். இல்லையென்றால் காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளும். குழாய் எந்த மரத்தையும் தொடக்கூடாது. வருடத்துக்கு ஒரு முறை கரியைச் சுரண்ட வேண்டும். விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டு மலைக்கு ஓடும் பெண்ணும், அவள் இடுப்பிலிருக்கும் பிள்ளையும்தான் இந்தப் புகையை அதிகம் குடிக்கிறார்கள். கூரை மரம் இற்றால் வேறு மரம் போடலாம்.

பண்டாரவளை: தணல் சட்டி வைத்து ஜன்னலைக் கொஞ்சம் திறந்தால் போதுமா?

போதாது. மஸ்கெலியாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

இராகலை: சுவரிலும் தகரத்துக்குக் கீழும் ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பலகை ஒட்டலாமா?

அடுப்புள்ள அறையில் கூடவே கூடாது. சட்டென்று பற்றும், அந்தப் புகை நச்சு.

பதுளை: பின்சுவரில் புதிதாக வெடிப்பு. சிமெந்து வைத்து அடைத்தால் குளிர் வராதல்லவா?

குளிரை விடுங்கள், இது மண்சரிவின் அறிகுறியாக இருக்கலாம். வெடிப்பு அகலமாகிறதா, கதவு இறுகுகிறதா, மேலே நிலத்தில் பிளவு இருக்கிறதா, ஊற்று கலங்கி வருகிறதா? ஒன்றிருந்தாலும் வீட்டை விட்டு வெளியேறி, கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அழையுங்கள். நிலத்தைப் பரிசோதிக்க வேண்டியது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். மழை பெய்தால் அந்த இரவு அங்கே தூங்க வேண்டாம்.

அம்பேவளை: விடியற்காலையில் காஸ் அடுப்பு மெதுவாக எரிகிறது. சிலிண்டரில் காஸ் இருக்கிறது.

சிலிண்டரிலுள்ள பியூட்டேன் பூச்சியம் பாகையை நெருங்கும் குளிரில் சரியாக ஆவியாகாது. சிலிண்டரைச் சிமெந்துத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். அதை நெருப்பருகே கொண்டுபோய்ச் சூடாக்க ஒருபோதும் முயல வேண்டாம்.

வெலிமடை: கரிக்குப் பதிலாகத் தேங்காய்ச் சிரட்டைத் தணல் வைக்கலாமா?

சிரட்டையும் கரிதான். வேண்டாம். இந்தக் கேள்வி இனி எந்த வடிவத்தில் வந்தாலும் பதில் இதுதான்.

டிக்கோயா: அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. சிமெந்துத் தரையில் பாய் போட்டுத்தான் படுப்பார். மூன்று கம்பளி போர்த்தியும் நடுங்குகிறார்.

மூன்றில் ஒன்றை எடுத்து அடியில் விரியுங்கள். உடம்பின் சூட்டைத் தரைதான் இழுக்கிறது. தரையில் பலகைத் தட்டு, அதன் மேல் காய்ந்த சாக்கு, பாய், கம்பளி என்று போடுங்கள். படுக்கை சுவரைத் தொடக்கூடாது. தலைக்குத் தொப்பி, காலுக்கு மேசு. விரிப்பைக் காலையில் சுருட்டி வைக்காமல் வெயில் வந்ததும் வெளியே போடுங்கள்; முதல் நாள் வியர்வை ஈரம் அதில் இருக்கும்.

சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி, படுப்பதற்கு முன் விரிப்புக்குள் வைத்து, அவர் படுத்ததும் எடுத்துவிடுங்கள். வயதானவர்களின் தோல் சூட்டைத் தாமதமாகத்தான் உணரும். இவ்வளவும் செய்தும் நடுக்கம் நிற்காவிட்டால், அல்லது பேச்சு குழறினால், விடியும் வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.