பேஸ்மென்டில் 300 போத்தல்

கேள்வி: ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் புதிதாக வீடு வாங்கியிருக்கிறோம். பேஸ்மென்டில், டிவி பார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில், 300 போத்தல் பிடிக்கும் கண்ணாடிச் சுவர் வைன் அறை கட்ட ஆசை. கண்ணாடி, விளக்கு, ஒரு சின்ன ஏசி போதும் என்கிறார் கொன்ராக்டர். நல்ல வைனாக வாங்கி வைத்தால் 10 வருடத்தில் லாபத்துக்கு விற்கலாம் என்கிறார்கள் நண்பர்கள். முன்வாசல் படிக்குக் கீழே ஒரு கோல்ட் ரூமும் சும்மா கிடக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
— வாசகர் ஒருவர், மார்க்கம்

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள். உங்கள் கேள்வியில் அறை இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, லாபம் இருக்கிறது. என்ன வைன் வைக்கப் போகிறீர்கள் என்பது மட்டும் இல்லை. அதை முடிவு செய்யாமல் அறையின் அளவைக்கூடச் சொல்ல முடியாது.

வாரம் ஒரு போத்தல் திறக்கிற வீடு என்றால் 300 போத்தல் தீரக் கிட்டத்தட்ட 6 வருடம் ஆகும். கடையில் இருக்கிற வைனில் பெரும்பகுதி அவ்வளவு காலம் தாங்காது; இரண்டு மூன்று வருடத்துக்குள் குடிப்பதற்கென்றே செய்யப்பட்டது. பினோ கிரீஜோ, ரோஸே போன்றவற்றை வைத்திருக்க வைத்திருக்கப் பழ வாசம்தான் போகும். அவற்றுக்கு ஒன்ராறியோ அரசின் மதுக்கடையான எல்.சி.பி.ஓ. பக்கத்திலேயே இருக்கிறது, வேண்டியபோது வாங்கிக்கொள்ளலாம். காத்திருந்தால் மெருகேறுபவை வேறு: இத்தாலியின் பரோலோ, பிரான்சின் நல்ல போர்தோ, சொத்தேர்ன் இனிப்பு வைன், போர்த்துக்கலின் விண்டேஜ் போர்ட், ஜெர்மனியின் ரீஸ்லிங். துவர்ப்பு, புளிப்பு, இனிப்பு இவற்றில் ஒன்றாவது தூக்கலாக இருப்பதால் அவை வருடக் கணக்கில் நிற்கின்றன. நம் நயாகராவின் ஐஸ்வைனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொடியிலேயே உறைந்த திராட்சையை மைனஸ் 8 பாகை செல்சியஸிலோ அதற்கும் கீழேயோ பறித்துப் பிழிகிறார்கள். அந்த இனிப்பும் புளிப்பும் அதை நெடுநாள் காக்கும். இந்த மாதிரி வைனில் எத்தனை போத்தலுக்கு உண்மையாகவே 5 வருடம், 10 வருடம் பொறுத்திருப்பீர்கள்? பெரும்பாலான வீடுகளில் அந்தக் கணக்கு 30, 40-ஐத் தாண்டுவதில்லை.

அடுத்தது சூடு. 12, 13 பாகை செல்சியஸ்தான் சிறந்தது என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் ஓரிரண்டு பாகை கூடக்குறைய இருப்பதைவிட, இன்று 12, நாளை 20 என்று ஏறி இறங்குவதுதான் கெடுதல். சூட்டில் வைன் விரிந்து தக்கையைத் தள்ளும், குளிரில் சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். இது திரும்பத் திரும்ப நடந்தால் எவ்வளவு விலையுயர்ந்த வைனும் வீண். ரொறன்ரோ குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடும்போது வீட்டுக் காற்று எவ்வளவு வறண்டுபோகும் என்று உங்கள் உதட்டுக்கே தெரியும். தக்கைக்கும் அதே கதிதான். அதனால்தான் போத்தலைப் படுக்க வைத்துத் தக்கையை உள்ளிருந்து நனைய விடுகிறோம். காற்றின் ஈரப்பதம் 60, 70 சதவீதம் இருந்தால் நல்லது. திருகுமூடிப் போத்தலை எப்படி வைத்தாலும் பாதகமில்லை.

இப்போது உங்கள் கொன்ராக்டருக்கு வருகிறேன். அவர் சொன்னதில் எனக்குக் கவலை தருவது ஏசி. சாதாரண ஏசி 16 பாகைக்குக் கீழே இறங்காது, காற்றையும் உலர்த்திவிடும். வைன் அறைக்கென்று தனிக் குளிரூட்டி உண்டு. அது வெளியே தள்ளும் வெப்பம் போக விசாலமான இடம் வேண்டும். ஃபர்னஸ் அறைக்குள் தள்ளினால் மூச்சுத் திணறிச் சீக்கிரம் பழுதாகும். கண்ணாடிச் சுவர் வேண்டுமென்றே ஆசைப்பட்டால், இரட்டைக் கண்ணாடியாக, கதவுச் சந்து முழுக்க ரப்பர் வைத்து அடைத்ததாக இருக்க வேண்டும். ஒற்றைக் கண்ணாடி வழியே குளிர் வெளியேறிக்கொண்டே இருக்கும், கோடையில் வெளிப்புறம் வியர்த்து வழியும். விளக்கைப் போத்தல் எடுக்கும்போது மட்டும் போடுங்கள். வெளிச்சம் வைனைக் கெடுக்கும், அதிலும் நிறமற்ற போத்தலில் இருப்பதை வெகு விரைவில். லூயி ரோடரேர் நிறுவனம் தன் கிறிஸ்டல் ஷாம்பெய்னை மஞ்சள் தாளில் சுற்றி விற்பது அலங்காரத்துக்கு அல்ல, வெளிச்சத்தைத் தடுக்க.

இன்னொன்று அவரிடம் கட்டாயம் கேளுங்கள்: ஈரம் தடுக்கும் பிளாஸ்டிக் தாளைச் சுவரின் எந்தப் பக்கம் அடிப்பார்? கனடாவில் வீடு கட்டுகிறவர்கள் அதை அறையின் உள்பக்கம் அடித்தே பழகியவர்கள். வீட்டில் உள்பக்கம்தான் சூடான பக்கம், ஆகவே அது சரி. வைன் அறையில் கதை தலைகீழ். உள்ளே குளிர், வெளியே உங்கள் ஹோல் சூடு. தாள் சூடான பக்கம், அதாவது வைன் அறைச் சுவரின் வெளிப்பக்கம் வர வேண்டும். கூரைக்கும் அப்படித்தான், மேலே நீங்கள் வசிக்கும் தளம் இருக்கிறது. மாற்றி அடித்தால் ஈரம் சுவருக்குள் போய்க் குளிர்ந்து நீராகி, உள்ளிருக்கும் வெப்பத்தடைப் பஞ்சு நனைந்து, இரண்டொரு வருடத்தில் பூஞ்சை பிடிக்கும். சுவரை உடைத்தால்தான் தெரியும். மூடிய நுண்ணறைகள் கொண்ட (closed-cell) ஸ்பிரே நுரை அடித்தால் வெப்பத்தடை, ஈரத்தடை இரண்டும் ஒன்றாக முடியும், செலவு கூடும். இந்தக் கேள்விக்கு அவர் தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள்.

சும்மா கிடக்கிறது என்று நீங்கள் சொல்லும் கோல்ட் ரூம்தான் எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி. மேலே கொங்கிரீட் படி, சுற்றி மண், இருட்டு, அசைவில்லாத இடம். ஆனால் எல்லாக் கோல்ட் ரூமும் ஒன்றல்ல. சிலவற்றில் ஜனவரியில் தண்ணீரே உறையும், ஆகஸ்டில் 20 பாகையைத் தாண்டும். அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் நினைவில் வைக்கும் ஒரு வெப்பமானி வாங்கி உள்ளே வையுங்கள். விலை அதிகமில்லை. ஒரு முழு வருடம் குறித்துக்கொள்ளுங்கள். கீழே 5, மேலே 18 என்ற எல்லைக்குள், பருவத்தோடு மெல்ல மெல்ல மாறினால், நான்கைந்து வருடம் வைக்கும் வைனுக்கு அது போதும். ஒரு இயந்திரமும் வேண்டாம். பூச்சியத்துக்குக் கீழே போகிற அறை என்றால் ஆபத்து. மைனஸ் 6 அளவில் வைன் உறையத் தொடங்கித் தக்கையை வெளியே தள்ளிவிடும். ஈரம் போவதற்கென்று வைத்த காற்றுத் துளையை முழுதாக அடைக்காதீர்கள். அப்புறம், நம் வீடுகளில் அந்த அறைக்குள் வெங்காயமும் கருவாடும் குடியிருப்பது வழக்கம். அவற்றுக்கு வேறு இடம் பாருங்கள்.

கோல்ட் ரூம் சரிவராவிட்டால் கம்பிரசர் உள்ள ஒரு வைன் ஃபிரிட்ஜ் வாங்குங்கள். 50 போத்தல் என்று எழுதியிருப்பது ஒல்லியான போர்தோ போத்தலை வைத்துப் போட்ட கணக்கு. தடித்த பர்கண்டி, ஷாம்பெய்ன் போத்தல்கள் கலந்தால் அவ்வளவு கொள்ளாது. உங்களுக்கு 40 போத்தல்தான் தேவை என்றால் கட்டட வேலையே வேண்டாம்.

லாபத்துக்கு விற்பதை மறந்துவிடுங்கள். ஒன்ராறியோவில் உரிமம் இல்லாத தனியார் ஒருவர் மதுவை விற்க முடியாது. ஏலத்துக்குப் போனாலும், இந்தப் போத்தல் எங்கே வாங்கியது, இத்தனை வருடம் எப்படி வைத்திருந்தது என்று ஆதாரம் கேட்பார்கள். ரூடி குர்னியவான் என்பவர் வீட்டுச் சமையலறையில் கலந்த வைனைப் பழைய பர்கண்டி என்று கோடீஸ்வரர்களுக்கு விற்று, 2014-இல் நியூயோர்க் நீதிமன்றத்தில் 10 வருடத் தண்டனை பெற்றார். அதற்குப் பிறகு பேஸ்மென்டிலிருந்து வரும் போத்தலை யார் நம்பி வாங்குவார்கள்? உங்கள் நண்பர்கள் சொல்வதைக் கேட்டு வீட்டுக் கடன் கட்டும் பணத்தை இதில் போடாதீர்கள்.

வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளைகள் இருந்தால், எந்த அறையானாலும் பூட்டு வேண்டும். இங்கே சட்டப்படியான வயது 19. பிள்ளைகளின் நண்பர்கள் கூடுகிற இடத்துக்குப் பக்கத்தில் 300 போத்தலைக் கண்ணாடிக்குப் பின்னால் காட்சிக்கு வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வெப்பமானியோடு, நயாகரா ரீஸ்லிங்கில் ஒரே வைன் 6 போத்தல் வாங்குங்கள். ஒன்றை இப்போதே திறந்து எப்படி இருக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். மற்றவற்றை வருடத்துக்கு ஒன்றாகத் திறந்து எழுதிக்கொண்டு வாருங்கள். மூன்றாவது போத்தல் முதலாவதைவிட உங்களுக்குப் பிடித்திருந்தால், அந்த வெப்பமானிக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது அறையைப் பற்றிப் பேசலாம்.