ஸூம் வகுப்பில் மகன் தூங்கிவிடுகிறான், என்ன செய்வது?

கேள்வி (2021, கொரோனாக் காலம்): மகன் தரம் 10. ஸூம் வகுப்பில் நுழைந்ததும் கமராவை அணைத்துவிட்டுப் படுத்துவிடுகிறான். முன்பு நன்றாகப் படித்த பிள்ளை. வீட்டில் ஒரே போன். பல நாட்களில் அதையும் அவனுடைய அப்பா தொழிலுக்குக் கொண்டுபோய்விடுவார். ஏசிப் பார்த்தும் பயனில்லை.
– ஒரு தாய், குச்சவெளி

பதில்: முதலில் ஏசுவதை நிறுத்துங்கள் அம்மா. கொரோனாவால் 2020 மார்ச்சில் இலங்கையில் மூடிய பாடசாலைகள் அதன்பின் திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தன. 2020ஆம் ஆண்டுக்கான சாதாரண தரப் பரீட்சையே 2021 மார்ச்சில்தான் நடந்தது. பரீட்சை எப்போது என்றே தெரியாத பிள்ளைக்கு இன்று ஏன் படிக்க வேண்டும் என்ற கேள்வி வரத்தான் செய்யும்.

கற்றலில் ஈடுபாடு என்பதை ஆய்வாளர்கள் மூன்றாகப் பிரித்துப் பார்ப்பார்கள்: வகுப்புக்கு வருவது, பாடத்தில் மனம் ஒட்டுவது, முயன்று சிந்திப்பது. ஸூமில் பெயர் தெரிவது முதலாவதற்கு மட்டுமே சாட்சி. அதனால் கமராவுக்காகச் சண்டை பிடிக்காதீர்கள், டேட்டாதான் வீணாகும். பிள்ளை தன் கையால் ஒன்றைச் செய்து, அதை இன்னொருவர் அக்கறையோடு பார்க்கும்போதுதான் மற்ற இரண்டும் திரும்பி வரும்.

மூதூரில் ஒரு மாணவியைப் பார்த்தேன். மாதக்கணக்கில் ஸூமில் வாய் திறக்காதவள். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கேத்திரகணித நிறுவல் ஒன்றை எழுதி, படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினாள். "மூன்றாவது வரிக்குக் காரணம் எழுதவில்லையே மகள்" என்று ஆசிரியர் குரல்பதிவில் சொன்னார். பத்தே நிமிடத்தில் திருத்திய தாள் வந்துவிட்டது.

உங்கள் மகனுக்கும் இதுவே போதும். கடந்தகால வினாத்தாளிலிருந்து நாளுக்கு ஒரே ஒரு வினா. பகலில் போன் இல்லாமலே கொப்பியில் செய்யட்டும். அப்பா வந்ததும் படமெடுத்து அனுப்பலாம். இரண்டு வரியிலாவது பதில் தரும்படி பாட ஆசிரியரிடம் நீங்களே கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் மறுக்கமாட்டார்கள். நேத்ரா தொலைக்காட்சியில் குருகெதர என்ற பாட நிகழ்ச்சி போகும்போது பக்கத்தில் இருந்துவிட்டு, "எனக்கு விளங்கவில்லை, சொல்லித் தா" என்று கேளுங்கள். உங்களுக்குச் சொல்லித்தர, அவன் அதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

இரவில் போன் உங்கள் தலைமாட்டில் இருக்கட்டும். பகல் தூக்கம் அதிலேயே குறையலாம்.

ஆனால் சாப்பாடும் குறைந்து, கூட்டாளிகளோடும் பேசாமல், இரண்டு கிழமைக்கு மேல் ஒதுங்கியே இருக்கிறான் என்றால் அதைப் படிப்புப் பிரச்சினையாக மட்டும் பார்க்காதீர்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு அழைத்துப் பேசுங்கள், அல்லது அரச வைத்தியசாலை ஒன்றில் மருத்துவரிடம் காட்டுங்கள்.