வாசகர் கேள்வி: தொடை வழியே புது வால்வு

கேள்வி: அப்பாவுக்கு 79 வயது. பெருநாடி வால்வு சுருங்கிவிட்டது. நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாகப் புது வால்வு வைக்கலாம் என்கிறார் வைத்தியர். ஒப்பரேஷன் இல்லைத்தானே, பயமில்லை என்கிறார்கள் சொந்தக்காரர். சரியா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: நெஞ்செலும்பை அறுப்பதில்லை, அவ்வளவுதான். 2002இல் பிரான்சில் தொடங்கிய இம்முறையில் பழைய வால்வை வெட்டி எடுப்பதில்லை. சுண்ணாம்பு படிந்த அதை ஓரத்துக்கு நசுக்கிக்கொண்டே புதியது விரிகிறது. பெரிய சிக்கல்கள் பல அந்த நசுக்கலில்தான் பிறக்கின்றன.

வால்வுக்குச் சற்றுக் கீழே இருதயத் துடிப்பை நடத்தும் மின்பாதை ஓடுகிறது. அது நசுங்கினாலோ வீங்கினாலோ துடிப்பு மந்தமாகும். சிலருக்குத் துடிப்பைத் தூண்டும் கருவியான பேஸ்மேக்கரை நிரந்தரமாக வைக்க நேரும். பலூனால் விரிப்பதைவிடத் தானாக விரியும் வால்வில் இது கூடுதல். முந்திய ஈ.சீ.ஜீயிலேயே வலது மின்கிளைத் தடை (அந்த மின்பாதையின் வலது கிளை அடைபட்டிருப்பது) இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். புதிதாக மின்பாதைத் தடை சில நாள் கழித்தும் வரலாம். வீட்டுக்கு விடும்போது, புதிய ஈ.சீ.ஜீயைப் பழையதோடு ஒப்பிட்டார்களா என்று கேளுங்கள். வீட்டில் தலைசுற்றி விழுந்தால் பசிமயக்கம் என்று விட்டுவிட வேண்டாம்.

சுண்ணாம்புத் துணுக்கு மூளைக்குப் போனால் பாரிசவாதம். வாய் கோணினால், கை தளர்ந்தால் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். வால்வின் விளிம்பு சரியாகப் படியாவிட்டால் பக்கவாட்டில் குருதி கசியும். சிறு கசிவைப் பொறுத்துக்கொள்ளலாம், பெரிதானால் மூச்சுவாங்கும்.

புது வால்வு தொடை நாடிக்குள்ளால் போவதால், அந்த நாடி பெரும்பாலும் 5 முதல் 6 மில்லிமீற்றராவது அகலம் இருக்கவேண்டும். சீற்றி ஸ்கானில் அளப்பது இதற்கும் வால்வின் அளவுக்கும்தான். நாடி கிழிந்தால் குருதி வயிற்றின் பின்புறம் தேங்கும், வெளியே ஒன்றும் தெரியாது; முதுகுவலியும் வியர்வையும்தான் அடையாளம். ஸ்கானுக்கு ஏற்றும் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். நீரிழிவுக்கு மெற்ஃபோமின் எடுப்பவரானால் முன்பே சொல்லுங்கள்.

கேள்வி: வால்வு வைத்தபின் பல் பிடுங்கலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: பிடுங்கலாம், ஆனால் புது வால்வில் கிருமி தொற்றாமலிருக்க முன்கூட்டி மருந்து வேண்டும். வழமையாக அமொக்சிசிலின் 2 கிராம், 30 முதல் 60 நிமிடத்துக்கு முன், ஒரே தடவை. பெனிசிலின் ஒவ்வாதவருக்கு வேறு மருந்து உண்டு. முரசில் இரத்தம் வரும் பல் சுத்திகரிப்புக்கும் இதே விதிதான். அஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.