பொருளியல் படிக்கப் பொருளியல் தெரிந்திருக்க வேண்டுமா?

கேள்வி: என் மகள் ஏ லெவலில் வேதியியல், உயிரியல், கணிதம் மூன்றையும் எச்2 (முழுப்பாட) நிலையிலும் புவியியலை எச்1 (பாதிப்பாட) நிலையிலும் எடுத்தாள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் சிஎச்எஸ் (மானுடவியல், அறிவியல்) கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அங்கே பொருளியலை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக, எடுக்கப் போகிறேன் என்கிறாள். பள்ளியில் பொருளியலே படிக்காதவள் எப்படிச் சமாளிப்பாள் என்று பயமாக இருக்கிறது. தெரிந்தவர் அனுப்பிய ஏஜெண்ட் ஒருவர், தனியார் கல்லூரியில் எக்கனாமிக்ஸ் டிகிரியை 2 ஆண்டில் முடித்துவிடலாம், கல்வி அமைச்சு அங்கீகரித்தது, வேலை நிச்சயம் என்கிறார். இடம் பிடித்து வைக்க 500 வெள்ளி கொடுத்துவிட்டேன். சரிதானா? (ஈசூன் வாசகி)

பதில்: அந்த 500 வெள்ளியைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்போல் இருக்கிறது. ஆனால் நீங்கள் முதலில் கேட்டது மகளைப் பற்றி, அதனால் அதை முடித்துவிட்டு வருகிறேன்.

பள்ளியில் பொருளியல் படிக்காதது ஒரு குறையே இல்லை அம்மா. பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பாடம் அடியிலிருந்துதான் தொடங்கும். தொடக்கக் கல்லூரியில் அதைப் படித்துவிட்டு வந்தவர்களுக்கு முதல் சில வாரம் 'இதெல்லாம் தெரிந்ததுதானே' என்று ஒரு சொகுசு இருக்கும், அவ்வளவுதான். அந்தச் சொகுசில் விரிவுரைக்குப் போகாமல் இருந்து, பாதி செமஸ்டரில் விழித்துக்கொண்ட பிள்ளைகள் எத்தனையோ பேர் என்னிடம் டியூஷனுக்கு வந்திருக்கிறார்கள். கவலைப்பட வேண்டியது கணிதம் இல்லாதவர்கள்தான், அது உங்கள் மகளிடம் எச்2 நிலையிலேயே இருக்கிறது. நீங்கள் குறை என்று நினைப்பது குறையில்லை, கையில் இருக்கும் மூலதனத்தை நீங்கள் கவனிக்கவேயில்லை.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு நம் ஊர் சிஓஇயையே, அதாவது வண்டி வாங்க ஏலத்தில் எடுக்க வேண்டிய சான்றிதழையே, எடுத்துக்கொள்ளுங்கள். ஏ லெவலில் இதைப் படமாக வரைவார்கள்: அளிப்புக் கோடு செங்குத்தாக நிற்கும், தேவைக் கோடு வலப்பக்கம் நகரும், விலை ஏறும், ஒரு கட்டுரை எழுதினால் மதிப்பெண் வரும். பல்கலைக்கழகத்தில் அதே சிஓஇ வேறு மாதிரி வரும். மூன்று சான்றிதழ், ஐந்து பேர் ஏலம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்: 100,000, 95,000, 90,000, 82,000, 70,000 வெள்ளி. மேலே இருக்கும் மூவருக்குச் சான்றிதழ். ஆனால் மூவரும் தாங்கள் கேட்ட விலையைக் கட்டுவதில்லை, தோற்றவர்களில் ஆக அதிகமாகக் கேட்டவரின் தொகையோடு ஒரு வெள்ளி சேர்த்து, அதாவது 82,001 வெள்ளிதான் மூவரும் கட்டுவார்கள். இப்போது கேள்வி: 100,000 கேட்டவர் கொஞ்சம் தந்திரமாக 85,000 என்று குறைத்துக் கேட்டிருந்தால் என்ன மிச்சம்? ஒன்றும் இல்லை, அப்போதும் 82,001தான். 80,000 என்று கேட்டிருந்தால்? வண்டியே இல்லை.

இதைத்தான் இரண்டாம், மூன்றாம் ஆண்டில் எழுத்துகளும் சமன்பாடுகளுமாக நிரூபிக்கச் சொல்வார்கள். இன்றிரவு சாப்பிட்டு முடித்ததும் இந்த ஐந்து எண்களை மட்டும் மகளிடம் கொடுத்துப் பாருங்கள், விடையைச் சொல்லாதீர்கள். பேனாவை எடுத்து வேறு எண்களைப் போட்டுப் பார்க்கத் தொடங்கினால் அவள் சரியான இடத்துக்குத்தான் போகிறாள். 'அரசாங்கம் ஏன் இவ்வளவு வாங்குகிறது' என்று மட்டும் பேசினால் அரசியல் அறிவியலையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை.

இன்னொன்று. உங்கள் கையில் இருப்பது பொருளியல் இடம் இல்லை, சிஎச்எஸ் இடம். பெரும்பாலான பெற்றோர் இங்கேதான் குழம்புகிறார்கள், அவர்கள் மேல் தப்பில்லை, வரும் கடிதங்களைப் படித்தால் எனக்கே தலை சுற்றுகிறது. கலைப் பிரிவும் அறிவியல் பிரிவும் சேர்ந்த இந்தக் கல்லூரியில் முதல் மாணவர்கள் சேர்ந்தது 2021இல். உள்ளே போனபின் மேஜரை முடிவு செய்துகொள்ளலாம். மொத்தம் 160 யூனிட்டில் 52 யூனிட், அதாவது 13 பாடங்கள், எல்லாரும் எடுக்க வேண்டிய பொதுப் பாடங்கள். பொருளியல் படிக்க வந்த பிள்ளை மூன்றில் ஒரு பங்கு நேரத்தை எழுத்துப் பயிற்சிக்கும் வடிவமைப்புச் சிந்தனைக்கும் கொடுக்க வேண்டுமா என்று நான் பலமுறை முணுமுணுத்திருக்கிறேன், கேட்பார் யார். ஆனால் உங்கள் மகளுக்கு இது வசதி. முதலாண்டில் சில பாடங்களின் கிரேடைச் சராசரியில் சேர்க்காமல் விடும் வாய்ப்பும் உண்டு, அறிமுகப் பொருளியலை எடுத்துப் பார்க்கட்டும், பிடிக்காவிட்டால் வேறு மேஜர்.

சரி, வேலை. கணக்கியல் படித்தால் கணக்காளர் என்பதுபோல இதில் நேர்கோடு கிடையாது. நாணய ஆணையம், அமைச்சுகள், வங்கி, ஆலோசனை நிறுவனம், தொடக்கக் கல்லூரி ஆசிரியர் என்று பிரிந்து போவார்கள். எகனாமெட்ரிக்ஸை, அதாவது பொருளியலுக்கான புள்ளியியலை, ஒழுங்காகப் படித்து, தரவை வைத்துக் கணினியில் வேலை செய்யத் தெரிந்தவர்களுக்குக் கதவு சீக்கிரம் திறக்கிறது.

இனி ஏஜெண்ட்.

'கல்வி அமைச்சு அங்கீகரித்தது' என்று சொன்னார் அல்லவா, அந்த ஒரு வாக்கியத்துக்கே நீங்கள் எழுந்து வந்திருக்க வேண்டும். தனியார் கல்லூரிகள் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர் அமைப்பின்கீழ் இயங்கும் தனியார் கல்விக் குழுவிடம் பதிவு செய்தாக வேண்டும். பதிவு என்றால் கடை நடத்த உரிமம் மாதிரி, கடையில் விற்கும் பிரியாணி ருசியாக இருக்கும் என்று யாரும் கையெழுத்துப் போடவில்லை. வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் மத்திய அமைப்பு என்று ஒன்று இந்த ஊரில் கிடையவே கிடையாது, ஏற்பதும் ஏற்காததும் முதலாளியின் விருப்பம். இதை ஏன் ஒவ்வொரு விளம்பரத்திலும் பெரிய எழுத்தில் போட வைக்க மாட்டேன் என்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

'வேலை நிச்சயம்' என்பது அதைவிட மோசம். 2024இல் அரசாங்க ஆதரவு பெற்ற பல்கலைக்கழகங்களில் படித்து முடித்து வேலை தேடியவர்களில் 79.5 விழுக்காட்டினருக்கு ஆறு மாதத்தில் முழுநேர நிரந்தர வேலை கிடைத்தது. தனியார் கல்லூரிப் பட்டதாரிகளுக்கு 2023/2024 ஆய்வில் அது 46.4 விழுக்காடு. ஏஜெண்டுகள் பகுதிநேரம், தற்காலிகம் எல்லாவற்றையும் சேர்த்த எண்ணைத்தான் காட்டுவார்கள். 'முழுநேர நிரந்தர' என்ற வரியைக் காட்டுங்கள் என்று கேளுங்கள், பேச்சு மாறும். கட்டணத்தையும் பாருங்கள்: குடிமக்களுக்கு அரசாங்க மானியம் போக தேசியப் பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்புக்கு ஆண்டுக்கு 8,000 வெள்ளிக்குச் சற்று மேல். அதில் 90 விழுக்காடு வரை கடன் வாங்கலாம், படிக்கும்வரை வட்டி இல்லை. தனியார் கல்லூரிக்கு அந்த மானியம் கிடையாது.

எல்லாத் தனியார் படிப்பும் ஏமாற்று என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஒரு விதிவிலக்கை நான் எப்போதும் சொல்வேன். தேசிய சேவை முடித்து வரும் பையன், ஏ லெவலில் சறுக்கியவன், ஆனால் கணிதத்தில் கெட்டி. அவனுக்கு சிம் என்ற தனியார் கல்லூரி வழியாக லண்டன் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பட்டம் நல்ல வழி. தேர்வை லண்டன்தான் வைக்கிறது, இங்கே சொல்லிக்கொடுப்பவர்கள் திருத்துவதில்லை, அதனால் மதிப்பெண்ணை யாரும் ஏற்றிப் போட முடியாது. பாடத்தை நெறிப்படுத்துவது லண்டன் ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸ். அதற்காக 'எல்எஸ்இ டிகிரி' என்று யாராவது விற்றால் அது பொய், பட்டம் தருவது லண்டன் பல்கலைக்கழகம். தானே உட்கார்ந்து படிக்காதவன் அதில் முதலாண்டையே தாண்டமாட்டான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்த விதிவிலக்கு அந்தப் பையனுக்கு. தேசியப் பல்கலைக்கழக இடத்தைக் கையில் வைத்திருக்கும் உங்கள் மகளுக்கு இல்லை.

இப்போது அந்த 500 வெள்ளி. யார் கணக்கில் போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கல்லூரியோடு மாணவர் ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகியிருந்தால், இரு தரப்பும் கையெழுத்திட்ட நாளிலிருந்து 7 வேலை நாள் அவகாசம் உண்டு. அதற்குள் விலகுவதாக எழுதிக் கொடுத்தால், கட்டிய கட்டணத்தில் ஒப்பந்தத்தில் போட்டிருக்கும் ஆக உயர்ந்த விழுக்காட்டைத் திருப்பித் தர வேண்டும். விண்ணப்பக் கட்டணம் மட்டும் திரும்பாது. ஏஜெண்டின் சொந்தக் கணக்குக்கு பேநவ் அனுப்பியிருந்தால் உங்களுக்கு ஒப்பந்தமே இல்லை, அவரும் 'புக்கிங் ஃபீஸ், ரீஃபண்ட் இல்லை' என்பார். அப்படியானால் தொலைபேசியில் வாதாடாதீர்கள். எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு, எதற்காக வாங்கிய பணம் என்று மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தில் கேளுங்கள், அந்தப் பதிலை அப்படியே கல்லூரிக்கு அனுப்பி இவர் உங்கள் ஆள்தானா என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கட்டத்திலேயே பணம் வந்துவிடும். வராவிட்டால் தனியார் கல்விக் குழுவுக்கும் பயனீட்டாளர் சங்கத்துக்கும் அதே செய்திகளின் படங்களோடு புகார் எழுதுங்கள். அதற்கு முன்னால், பல்கலைக்கழக இடத்தை ஏற்றுக்கொள்ளக் கடைசி நாள் என்றைக்கு என்று மகளின் கடிதத்தில் பாருங்கள், ஏற்கும் பொத்தானை அவளே அழுத்தட்டும்.