முகாமுக்கு 6,500 ரூபாய் வேண்டாம்; ஒரு பழைய சாக்ஸ் போதும்

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. பள்ளி விட்டு வந்ததிலிருந்து தூங்கும்வரை கையில் போன்தான். பிடுங்கினால் சாப்பிட மாட்டேன் என்று அடம். ‘செல்போனை மறக்கடிக்கும்’ கோடை முகாம் என்று 10 நாளுக்கு 6,500 ரூபாய் கேட்கிறார்கள். சேர்க்கலாமா? நாங்களே செய்துகொள்கிற மாதிரி விளையாட்டு ஏதாவது உண்டா? அபார்ட்மென்ட் வீடு, மைதானம் கிடையாது.
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்

சேர்க்காதீர்கள். முகாமில் 10 நாளும் நன்றாகத்தான் விளையாடுவான். 11-ம் நாள் சாயங்காலம் உங்கள் வீட்டு வாசலில் அவனோடு விளையாட ஆள் இருக்காது, போன் இருக்கும். இந்த முகாம்களுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு. மாணவர்களின் வீட்டு போன் நம்பர் கேட்டு என்னிடமே வந்திருக்கிறார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைக்கிறேன் என்று சொல்லும் கூட்டமும் இதே ரகம்தான். ரசீது கேட்டுப் பாருங்கள், அப்புறம் அந்தப் பக்கமே வர மாட்டார்கள்.

போனைப் பிடுங்கவும் வேண்டாம். 5 மணிக்கு அவன் கைக்கு வேறொரு வேலை கொடுங்கள். பழைய சாக்ஸில் கிழிந்த பனியன் துணியை உருட்டித் திணித்து, வாயை முறுக்கி முடிச்சுப் போடுங்கள். மிச்ச நீளத்தை அதன் மேலேயே புரட்டி விடுங்கள். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்ட முடியாத டியூப் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். அதை விரல் அகல வளையங்களாக வெட்டி, குறுக்கும் நெடுக்குமாக மாட்டச் சொல்லுங்கள். மாட்ட மாட்டப் பந்து இறுகும். கத்தரிக்கோல் மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும். செய்து முடித்த பந்தை எறிந்து பார்க்காமல் எந்தப் பையனும் உட்கார மாட்டான்.

அப்புறம் ஏழு உடைந்த ஓட்டுச் சில்லுகள். கூரான விளிம்பைத் தரையில் தேய்த்து மழுக்கிவிட்டு அடுக்குங்கள். ஒரு அணி பந்தை எறிந்து கலைக்கும். எதிரணி அவர்கள் மேல் பந்தால் அடிப்பதற்குள் அவர்கள் திரும்ப அடுக்கிவிட வேண்டும். இடுப்புக்குக் கீழே மட்டும்தான் அடி. நான்கு பேர் போதும், கார் நிறுத்துகிற இடம் போதும். முதல் வாரம் அந்த நான்கில் ஒருவர் நீங்கள்தான். மாடியிலிருந்து “போய் விளையாடுடா” என்றால் போக மாட்டான்.

மழை நாளில் கொட்டாங்குச்சி நடை. கண் இருக்கிற பாதிதான் வேண்டும், அதனால் இரண்டு தேங்காய் உடைக்க வேண்டும். துருவிய பிறகு கண்ணைக் குத்தி, கயிற்றைக் கோத்து உள்ளே முடிச்சுப் போட்டுக் கவிழ்த்து வையுங்கள். ஏறி நின்று கயிற்றை இழுத்துப் பிடித்து நடக்கலாம்.

கிட்டிப்புள் மட்டும் வேண்டாம். நானே அதில் வளர்ந்தவன், சொல்ல மனசு வரவில்லை. ஆனால் புள்ளின் இரண்டு முனையும் கூர், எந்தப் பக்கம் பறக்கும் என்று அடித்தவனுக்கே தெரியாது. வயல்வெளியில் அது சரி. நான்கு பக்கமும் சுவர், நடுவில் நடைபழகும் குழந்தை என்றால் கண் போய்விடும். முனையை மழுக்கினால் ஆடலாமே என்பார்கள். மழுக்கிய புள் எழும்பாது, எழும்பாத கோபத்தில் இன்னும் ஓங்கி அடிப்பான். ஊருக்குப் போகும்போது, தாத்தா பக்கத்தில் நிற்க, எதிரே ஆள் இல்லாத இடத்தில் ஆடட்டும்.

5 வயதிலிருந்து 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்று 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. நடப்பது என்ன? மைதானத்தில் பள்ளி பஸ் நிற்கும். பி.டி. பீரியடில் “போர்ஷன் முடியலை சார்” என்று கணக்கு வாத்தியார் வந்து நிற்பார். 30 வருஷம் அவரோடு சண்டை போட்டு, முக்கால்வாசி நாள் தோற்றிருக்கிறேன்.

உங்கள் அசோசியேஷன் ஆட்களும் கண்ணாடி உடையும் என்று வருவார்கள். பந்தை அவர்கள் கையிலேயே கொடுத்து ஜன்னலில் எறிந்து பார்க்கச் சொல்லுங்கள்.